ஒரு மணிக் கட்டம்

வேலைக்குக் கிளம்புமுன் மனைவி எல்லாவற்றையும் இரண்டு முறை சொன்னாள். குழந்தைக்கு ஏழு மணிக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்தாகிவிட்டது. அடுத்தது ஒரு மணிக்கு. ஐந்து மில்லி, அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது. தண்ணீர், பால், எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நூற்று மூன்றைத் தாண்டினால் தையல் கம்பெனி ஆபீசுக்கு போன் செய்ய வேண்டும். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்துவிடுவாள். தையல் வரிசையில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். ஒன்றேகாலுக்குச் சாப்பாட்டு நேரத்தில் அவளே கூப்பிடுவாள்.

"தொட்டுப் பார்த்து முடிவு பண்ணாதீங்க," என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. "உங்க கையை நம்ப முடியாது."

அது குத்தல் இல்லை. உறைகுளிர்க் கிடங்கில் ஏழு வருடம் வேலை பார்த்ததில் அவனுடைய வலது கையில் மூன்று விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டால் தோல் சிவந்த பிறகுதான் சுட்டது தெரியும்.

அவன் வேலைக்குப் போய்ப் பதினோரு நாளாகியிருந்தது. விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று கிடங்கில் சொல்லியிருந்தார்கள். விசாரணை வெள்ளிக்கிழமை. இந்தப் பதினோரு நாளும் அவன் பாத்திரம் கழுவினான், துணி மடித்தான், ஜன்னல் வழியே எதிர்ச் சுவரைப் பார்த்தான். கோபம் வரவில்லை. பயமும் வரவில்லை. வரவேண்டியது எதுவும் வரவில்லை.

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்து ஒரு மாதம். அவள் பிறந்த செய்தி வந்தபோது அவன் கிடங்கில் உறைந்த பட்டாணி மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். அங்கேயே பளுதூக்கி வண்டி ஓட்டும் மச்சான், மனைவியின் அண்ணன், அன்று முதல் அவளைப் பட்டாணி என்றுதான் கூப்பிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அளவுகோல் வைத்துக் கோடு போட்டான். நேரம். அளவு. மருந்து. கையெழுத்து. மனைவி கொடுத்த ஏழு மணி மருந்தை முதலில் எழுதினான். பிறகு அரை மணிக்கு ஒரு கட்டம். அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

எட்டு மணி: 101.2. எட்டரை: 101. குழந்தையின் கம்பளிச் சட்டையைக் கழற்றி மெல்லிய சட்டை போட்டுவிட்டான். ஜன்னலைத் திறந்தான். ஒன்பதரைக்கு இரண்டு மடக்கு பால் குடித்தாள். பத்து மணிக்கு அதைக் கக்கினாள். அவன் துடைத்தான். பத்து மணி: 101.8.

பத்தேகாலுக்கு மச்சான் கூப்பிட்டார்.

"என்ன மாப்ள, வீட்டுல எத்தனை டிகிரி?"

காய்ச்சல் என்று சொன்னதும் அவர் குரல் இறங்கியது. பிறகு விசாரணைக்கு வந்தார். எப்போதும் அங்கேதான் வருவார். குளிர் அறையின் வெப்ப அளவுமானி கோளாறு, போய்ப் பார்த்தேன், அப்படித்தான் காட்டியது என்று சொன்னால் போதும், அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது என்றார். கிடங்கில் யார் பார்த்து எழுதுகிறார்கள், எல்லோரும்தான் மேலே பார்த்து எழுதுகிறார்கள், மாட்டிக்கொண்டது நீ, அவ்வளவுதான் என்றார்.

"நீ மட்டும் அரிச்சந்திரன் வேஷம் போடாதே. அது நம்ம ஒடம்புக்குச் சேராது."

சரி என்றான்.

கிடங்கில் ஐந்து அறைகள். அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு அறையிலும் போய் அளவுமானியைப் பார்த்து எழுத வேண்டும். ஒரு ஷிப்டுக்கு எண்பது கட்டம். ஏழு வருடத்தில் அறைகள் மைனஸ் பதினெட்டைவிட்டு அசைந்ததில்லை. அதனால் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. மேல் கட்டத்தில் இருப்பதைக் கீழ்க் கட்டத்தில் எழுதுவார்கள். மாட்டிக்கொண்ட அன்று மூன்றாம் அறையின் இயந்திரம் பத்து மணிக்கு நின்றது. ஒரு மணிவரை அவன் மைனஸ் பதினெட்டு என்று எழுதிக்கொண்டிருந்தான். கதவைத் திறந்தபோது மீன் தண்ணீர் வாசல்வரை ஓடி வந்தது.

மனைவியிடமும் அளவுமானி கோளாறு என்றுதான் சொன்னான். அவள் நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை. அண்ணனிடம் சண்டை போட்டாள், எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னாள், தையல் வரிசையில் பக்கத்து மெஷின்காரிகளிடமும் சொன்னாள். எங்க வீட்டுக்காரர் ஒரு எழுத்து தப்பா எழுத மாட்டார். அதை அவன் காதால் கேட்டான். அப்போதும் எதுவும் வரவில்லை.

பதினொன்றரைக்குப் பிறகு குழந்தை அழத் தொடங்கினாள். மடியில் வைத்தால் தரை வேண்டும், தரையில் விட்டால் மடி வேண்டும். காய்ச்சல் பார்க்கும் கருவியை அக்குளில் வைத்தால் பிடுங்கி எறிந்தாள். பன்னிரண்டரைக்குக் கையை அமுக்கிப் பிடித்து ஒருவழியாகப் பார்த்தான். 101.4. பன்னிரண்டே முக்காலுக்கு அவனுடைய இடது தோளில் முகத்தைப் புதைத்து, விசும்பி விசும்பி, தூங்கிப்போனாள்.

அவன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தான். தாளும் பேனாவும் வலது கைப்பக்கம் மேசைமேல் இருந்தன. கருவியும் மருந்தும் உள்ளறையில்.

ஒரு மணி ஆனது.

எழுந்தால் விழித்துவிடுவாள். விழித்ததும் கொடுத்துக்கொள்ளலாம். அவன் வலது கை பேனாவை எடுத்தது. ஒரு மணி. மேலே பார்த்தான். 101.4. மருந்து: 5 மி.லி. கொடுத்தாச்சு. கையெழுத்து.

எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினோம் என்று பார்த்தான். எழுதியது எழுதியதாக இருந்தது.

ஒன்றேகாலுக்கு மனைவி கூப்பிட்டாள். பின்னால் பாத்திரச் சத்தம்.

"எவ்வளவு இருக்கு?"

"நூத்தி ஒண்ணு புள்ளி நாலு."

"மருந்து?"

அவன் தாளைப் பார்த்தான். "குடுத்தாச்சு."

"துப்பலையே?"

"இல்ல. தூங்கறா."

அவள் மூச்சு விடுவது கேட்டது. அப்படியானால் ஷிப்டு முடித்துவிட்டே வருவதாகச் சொன்னாள். காலையிலிருந்து தையல் கோணிக்கொண்டே போகிறது, சூப்பர்வைசர் இரண்டு முறை பிரிக்கச் சொல்லிவிட்டாள் என்றாள். பிறகு, "நீங்க இருக்கறதாலதான் நான் இங்க உக்காந்திருக்கேன்," என்றாள். வைத்துவிட்டாள்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்குக் குழந்தையின் உடம்பு அவன் தோளில் விறைத்தது. முதலில் சோம்பல் முறிக்கிறாள் என்று நினைத்தான். பிறகு கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கண் மேலே செருகியிருந்தது. அவன் கூப்பிட்ட பெயர் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

கிடங்கில் உடை மாற்றும் அறைச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று. குளிருக்குப் போடும் தடித்த கோட்டின் ஜிப்பை இழுக்கும் நேரமெல்லாம் ஏழு வருடம் அதன் முன்னால் நின்றிருக்கிறான். படித்ததாக நினைவில்லை. இப்போது வரி வரியாக வந்தது. தரையில் ஒருக்களித்துப் படுக்க வை. பிடித்து அமுக்காதே. வாயில் எதையும் வைக்காதே. மணி பார்.

பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்தான். நாற்காலியைத் தள்ளினான். மணி பார்த்தான்.

நாற்காலி விழுந்த சத்தத்துக்கு எதிர்வீட்டு அக்கா வந்துவிட்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். மதியம் கொஞ்ச நேரம் வீட்டில் இருப்பாள். "ஐயோ, பல்லுக்கு நடுவுல ஸ்பூன் வைப்பா," என்று அடுப்படிக்கு ஓடினாள்.

"வேண்டாம் அக்கா."

"நாக்கைக் கடிச்சுக்கும்பா."

"ஒண்ணும் வைக்கக் கூடாது."

அவன் கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான். அக்கா ஸ்பூனோடு நின்றாள். இந்த ஆளுக்கு நெஞ்சில் என்ன, ஐஸ்கட்டியா என்று பிறகு அவள் யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.

ஒன்று ஐம்பத்து நான்கில் இழுப்பு நின்றது. குழந்தை நீளமாக ஒரு மூச்சு விட்டாள். வாயோரம் எச்சில் வழிந்தது. உடம்பு துவண்டது. துடைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அது பழக்கம்.

அக்கா வேனை எடுத்தாள். பள்ளிக்கூடத்து வேன் என்பதால் சீட்டெல்லாம் சின்னச் சின்னதாக இருந்தன. முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, கம்பெனி ஆபீசுக்கு போன் செய்து, கிளினிக்குக்கு வரச் சொல்லும்படி சொன்னான். பாதி வழியில் குழந்தை கண் திறந்து அழுதாள். அக்கா கண்ணாடியில் பார்த்து, "அழுடி ராசாத்தி, நல்லா அழு," என்றாள்.

கிளினிக்கில் நர்ஸ் பார்த்தபோது 103.8 இருந்தது. டாக்டரம்மா கண்ணில் விளக்கடித்தாள், காதைப் பார்த்தாள், கழுத்தை மெதுவாக மடக்கிப் பார்த்தாள், தொண்டையைப் பார்த்தாள். தொண்டை சிவந்திருந்தது. எவ்வளவு நேரம் இழுத்தது என்று கேட்டாள். இரண்டு நிமிடம் என்றான். இரு பக்கமும் இழுத்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றான். அவள் தலையசைத்தாள்.

அப்போது மனைவி உள்ளே வந்தாள். தோளில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்திருந்தாள். குழந்தையை வாங்கி அதன் நெற்றியில் தன் கன்னத்தை வைத்தாள். 

இந்த வயதில் காய்ச்சல் ஏறும்போது சில குழந்தைகளுக்கு இப்படி வரும் என்று டாக்டரம்மா சொன்னாள். பார்க்கத்தான் பயமாக இருக்கும். மறுபடி வந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, முடிந்த பிறகும் குழந்தை தெளியாவிட்டாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். பிறகு, கடைசியாக எப்போது மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

மனைவி அவன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். அது அங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டரம்மா கட்டங்களைப் பார்த்தாள். இப்படி ஒருவரும் எழுதிக்கொண்டு வருவதில்லை என்றாள். அரை மணிக்கு ஒருமுறை குழந்தையைப் பாடாய்ப் படுத்தவும் வேண்டாம் என்று சிரித்தாள். மனைவியும் லேசாகச் சிரித்தாள். பதினோரு நாளில் முதல் தடவை.

"ஒரு மணிக்குக் குடுத்திருக்கீங்க. அப்போ இப்போ தர முடியாது. ஏழு மணிக்குத்தான். அதுவரைக்கும் தாங்கணும்."

"சரிங்க டாக்டர்," என்றாள் மனைவி. பிறகு தயங்கி, "நான்தான் அஞ்சு மில்லின்னு சொன்னேன். அது பத்தலையோ? மருந்து உள்ள போயும் இப்படி ஏறியிருக்கே," என்றாள். குழந்தையை அவள் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

சுவரில் மணி இரண்டு முப்பத்தெட்டு. ஏழு மணிக்கு இன்னும் நான்கு மணி நேரத்துக்கு மேல். குழந்தையின் உதடு காய்ந்திருந்தது.

சும்மா இருக்கலாம். ஏழு மணி வந்துவிடும். மூன்றாம் அறைக் கதவைத் திறக்கும்வரை அவன் அப்படித்தான் இருந்தான்.

"ஒரு மணிக்குக் குடுக்கலை," என்றான்.

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

"எழுதியிருக்கே," என்றாள் டாக்டரம்மா.

"எழுதினேன். குடுக்கலை. காய்ச்சலும் பாக்கலை. மேல இருந்ததைப் பாத்து எழுதிட்டேன்."

டாக்டரம்மா தாளைக் கீழே வைத்தாள். அப்படியானால் கடைசியாகக் கொடுத்தது காலை ஏழு மணிக்கா, நிச்சயமா என்று கேட்டாள். மனைவி, "ஏழுக்கு. நான் குடுத்தேன்," என்றாள். டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டு ஐந்து மில்லி கொடுக்கச் சொன்னாள். பிறகு பொதுவாக, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். தூங்குகிற குழந்தையை எழுப்பிக் கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. கொடுத்திருந்தாலும் இழுப்பு வந்திருக்கலாம். கொடுக்காதது பெரிய தப்பில்லை.

"ஆனா எழுதினது தப்பு. நான் இதை நம்பித்தானே சொன்னேன்."

"ஆமாங்க."

குழந்தை மருந்தை விழுங்கினாள். முகத்தைச் சுளித்தாள். துப்பவில்லை.

வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டிருந்தாள். மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எதிரே இருந்த தண்ணீர் இயந்திரத்தைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அங்கேயும் இப்படித்தானா?" என்றாள்.

"ம்."

"மீட்டர் கோளாறு இல்ல."

"இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். தோளில் கிடந்த அளவு நாடாவை அப்போதுதான் கவனித்ததுபோல எடுத்து, விரலில் சுற்றி, பையில் வைத்தாள். தையல் வரிசையில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள் என்று எண்ணுகிறாளோ என்று அவனுக்குத் தோன்றியது.

அவன் தாளை விரித்தான். கிடங்கில் ஒரு விதி உண்டு. தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து. ஏழு வருடத்தில் ஒருவரும் அந்தக் கோட்டைப் போட்டு அவன் பார்த்ததில்லை.

ஒரு மணிக் கட்டத்தில் கோடு போட்டான். பக்கத்தில், பார்க்கவில்லை, கொடுக்கவில்லை என்று எழுதினான். கையெழுத்துப் போட்டான்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நர்ஸ் குடுத்ததை எழுதுனீங்களா?"

இல்லை என்றான்.

"எழுதுங்க."

"ரெண்டே முக்கால்னு போடட்டுமா?"

"ரெண்டு நாப்பத்தி ஒண்ணு. நான் பாத்தேன்."

எழுதினான். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மச்சான். எடுக்கவில்லை. அவள் அதைப் பார்த்தாள். அதிர்ந்து அதிர்ந்து நின்றது.

அரை மணி ஆனதும் அவன் மரத்த விரல்களைக் குழந்தையின் கழுத்தில் வைத்தான். எதுவும் தெரியவில்லை. மனைவி குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்றான்.

அவள் நர்ஸிடம் கருவியை வாங்கி அவனிடம் நீட்டினாள். "வெச்சுப் பாருங்க."

அக்குளில் வைத்துக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டான். குழந்தை அவனைப் பார்த்தாள். பிடுங்கவில்லை. கருவி சத்தம் போடும்வரை காத்திருந்தான். மனைவி தாளையும் பேனாவையும் கையில் வைத்திருந்தாள்.