மருதாணி இட்ட கை, இடாத கை

1.

என் கைப்பேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்ததால்தான் இந்தக் கதை பிறந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு காரணம் இல்லை. இங்கே, பாலைவனத்து ம்ஸாப் பள்ளத்தாக்கில், பெண்கள் தங்கள் கைப்பேசியை ஆண் கடைக்காரரிடம் நீட்ட மாட்டோம். உள்ளே கல்யாணப் படங்கள் இருக்கும், முகம் திறந்த படங்கள். அதனால் தெருப் பெண்களெல்லாம் கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொண்டுபோகிற அந்த வீட்டுக்கு நானும் போனேன். ஈயம் உருகும் புகைக்கு நடுவே அண்ணியும் நாத்தனாரும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை முடிந்தபோது என் கைப்பேசி பிழைத்திருந்தது. கையில் ஒரு கதையும் இருந்தது.

(இருவரில் ஒருத்தியின் பெயரை மாற்றியிருக்கிறேன். இன்னொருத்தியின் பெயரை மாற்றவில்லை. காரணம் கடைசியில் வரும்.)

2.

எப்படித் தொடங்குவது?

"அதிவேக இணையத்தின் ஒளியிழைக் கம்பி அந்தத் தெருவுக்கு வந்த நாளில், கழுதைகள்கூட…"

வேண்டாம். கழுதை வந்தாலே வாசகர் சுற்றுலா வந்தவர்போல் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்.

"தொலைதூரத் தொழிற்கல்வி என்பது இருபத்தோராம் நூற்றாண்டின்…"

இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. தூரத்திலிருந்து தொழில் கற்பது என்றால் இத்தனை நாளும் தூரத்திலிருந்து படிப்பதுதான். உருக்கி ஒட்டிய ஈயப் பற்று பளபளத்தால் நல்லது, மங்கினால் கெட்டது என்று பாடத்தில் இருக்கும். உன் பற்று பளபளக்கிறதா என்று பார்த்துச் சொல்ல அங்கே கண் கிடையாது.

சரி, மன்னானாவிடமிருந்து தொடங்குகிறேன்.

3.

கைப்பேசி பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ளச் சொன்னவன் மன்னானாவின் கணவன் பாஹ்மத். லாரி ஓட்டுகிறவன், ஊர் ஊராகப் பார்த்தவன். "நீ கத்துக்கிட்டா தெருப் பொம்பளைங்க பூரா உன் வாசல்லதான் நிப்பாங்க" என்றான். தொலைதூர வகுப்பில் அவள் பெயரைப் பதிய வேண்டிய வாரத்தில் அவன் லாரி பாலைச் சாலையில் கவிழ்ந்தது.

கணவனை இழந்து துக்கம் காக்கிறவள் நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. நகையும் மருதாணியும் கூடாது. மன்னானாவின் அண்ணன் மனைவி ஸுலைக்கா ஓடிப்போய்த் தன் பெயரில் இடத்தைப் பிடித்தாள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மாற்ற விதி இல்லை, ஓர் இடம் ஓர் ஆளுக்குத்தான்.

எனவே இருவரும் ஒருத்தி ஆனார்கள். அந்நிய ஆணுக்கு முகம் காட்டுவதில்லை என்பதால் கேமரா மேசையையும் கைகளையும் மட்டும் பார்த்தது. தலைநகரிலிருந்து பாடம் நடத்திய லூனஸ் வாத்தியாரும் அதற்கு ஒப்புக்கொண்டார். படிப்பதும் பதில் சொல்வதும் ஸுலைக்கா. சூட்டுக்கோல் பெரும்பாலும் மன்னானா கையில், அவள் குழந்தைக்குச் சோறூட்டப் போனால் ஸுலைக்கா கையில். மன்னானா ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. இழுத்து இழுத்து வந்த அந்த இணையத்தில் படம் வெண்ணெய்போல உருகி ஓடும்.

"ஈயம் பளபளன்னு இருக்கா, மங்கலா இருக்கா?" என்று வாத்தியார் கேட்பார்.

"பளபளன்னு இருக்கு சார்" என்பாள் ஸுலைக்கா. அது களிமண்போல் மங்கிக் கிடக்கும்.

4.

படிப்பு முடியும் தறுவாயில் ஃபைபர் இணையம் வந்தது, படம் தெளிந்தது. முதல் நாள் ஸுலைக்கா உட்கார்ந்தாள். மறுநாள் மன்னானாவின் முறை. அவள் ஒரு பற்று வைத்தாள்.

"கோலைக் கொஞ்சம் சாய்ங்க" என்றார் லூனஸ். "இன்னும். இப்ப ஈயத்தைத் தொடுங்க. எடுங்க."

அவள் எடுத்தாள். பற்று பளபளத்தது. மாதக்கணக்கில் வராதது ஒரு மூச்சில் வந்துவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது. பாஹ்மத் போனபின் அவள் செய்வதை ஒருவர் பார்த்தது அன்றுதான்.

பிறகு லூனஸ் கேட்டார்: "அக்கா, நேத்து மணிக்கட்டு வரைக்கும் மருதாணி இருந்துச்சே. எங்க?"

ஸுலைக்கா தன் தங்கையின் கல்யாணத்துக்கு வைத்த மருதாணி அது. இருவரும் அதை நினைக்கவே இல்லை. இங்கே மருதாணி பெண்கள் பெண்களுக்குக் காட்டுவது. ஆண் கண்ணில் அது படும் என்று யார் கண்டார்கள்?

"தேய்ச்சுக் கழுவிட்டேன் சார்" என்று பின்னாலிருந்து ஸுலைக்கா சொன்னாள்.

"எங்கம்மாவும் வைப்பாங்க. எவ்வளவு கழுவினாலும் நகத்துல நிக்கும்."

மன்னானா விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டாள்.

"முன்ன லைன் தாங்காது, பாடம் எதுவும் பதிவாகல" என்றார் லூனஸ். "இப்பப் பதிவாகுது. நேத்துப் பாடம் பதிவாகிக் கிடக்கு. வியாழக்கிழமை தேர்வுல அந்தக் கையையும் உக்காருற கையையும் சேர்த்து வெச்சுப் பார்ப்பாங்க. வேறன்னா சான்றிதழும் இல்ல, இடமும் இல்ல. இன்னிக்குப் பதிவை நான் இன்னும் தொடங்கல. இன்னிக்குப் பாடம் நடக்கல, சரியா? அந்தப் பற்றை ஒரு தடவை கேமராகிட்ட காட்டுங்க. நல்ல கை."

[லூனஸ்மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவரா? இருவரையும் தனித்தனியே கேட்டேன். பதிவு தொடங்கவில்லை என்றே இருவரும் சொன்னார்கள். ஸுலைக்கா மட்டும், "பட்டனை அமுக்க மறந்திருப்பாரு, அப்புறம் நல்லவர் ஆயிட்டாரு" என்றாள்.]

5.

"மருதாணிக் கையோட போய் உக்காந்திருக்கியே அண்ணி, மூளை இருக்கா?"

"என் புருஷனே இன்னும் அதைப் பாக்கல. அந்தாளு பாப்பாருன்னு கனவா கண்டேன்?"

அதற்கு மன்னானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஸுலைக்கா கிண்ணத்தில் மருதாணி குழைத்து வந்தாள்.

"நான் உக்காந்தா தோத்துடுவேன். நீ வெச்சுக்க. என் கையில இருக்கற கோலத்தையே போட்டுவிடறேன்."

"துக்கம் முடியல."

"அவர்தானே கத்துக்கச் சொன்னாரு."

"சொன்னவரு இருந்தா எனக்கு ஏன் இந்த யோசனை?" என்றாள் மன்னானா. "இந்தத் தொழில் இல்லேன்னா கடைசி வரைக்கும் அண்ணன் வீட்டுச் சோறு. வெச்சுக்கிட்டா அவருக்கு நான் காத்த துக்கம் என்ன ஆகும்?"

இங்கே என் பேனா நின்றது. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

மன்னானா மருதாணி வைத்துக்கொள்கிறாள், தேறுகிறாள். சான்றிதழ் ஸுலைக்கா பெயரில் வருகிறது. தெருப் பெண்கள் அந்தக் கையைப் பார்த்து வாயில் முந்தானையை…

இரண்டாவதில் ஸுலைக்கா உட்கார்ந்து கோலைத் தவறாகப் பிடித்துத் தோற்கிறாள். தோற்றதற்கு அவள் அழுவதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதில் மன்னானா வெறுங்கையோடு உட்கார்ந்து, முதல் முறையாக வாய் திறந்து, "என் பேரு மன்னானா" என்கிறாள். இதை எழுதும்போது எனக்கே புல்லரித்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். விதிகளுக்குப் புல்லரிப்பதில்லை, இடம் போயிருக்கும்.

6.

நடந்தது எனக்குத் தெரியும். சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் அந்த வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. அதிலுள்ள பெயரைச் சொல்ல மாட்டேன். தேர்வு நாளான வியாழக்கிழமை காலை, கிண்ணத்தில் மருதாணி காயத் தொடங்குகிறது, கேமரா காத்திருக்கிறது. மன்னானா இடத்தில் நீங்கள் உட்கார்ந்து கையை நீட்டிப் பாருங்கள், அல்லது மடக்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது, இதை எழுதலாமா என்று இருவரையும் கேட்டேன்.

"எழுது, ஆனா என் பேரை மாத்திடு" என்றாள் ஸுலைக்கா.

மன்னானா என் கைப்பேசியின் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"என் பேரை மாத்தாத" என்றாள். "எங்கயாவது ஒரு இடத்துல அது இருக்கட்டும்."