ப்ளாஷ் அடிச்சப்புறம்தான் முடிச்சு

காலையிலிருந்து மணிமேகலைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திருவானைக்காவல் கல்யாண மண்டபத்து மேடையில் சும்மாவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் தொங்கிய புது கேமராவில் கனமே இல்லை. அதுதான் தொல்லை. எங்கேயாவது வைத்துவிட்டு வந்துவிட்டோமோ என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பழையதை முந்தாநாள் தென்னூரில் ஹாலித் பாய் கடையில் கொடுத்துவிட்டுத்தான் இதை எடுத்து வந்திருந்தாள். ஸ்ரீரங்கத்தில் ஸ்டூடியோ திறந்த வருஷம் வாங்கிய கேமரா அது. கட்டைவிரல் படுகிற இடத்தில் ரப்பர் தேய்ந்து, அவள் விரலுக்கென்றே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. போன மாதம் ஒரு காதுகுத்தில், குழந்தை வீறிட்ட அதே நொடியில் கேமரா சிக்கிக்கொண்டு படம் விழாமல் போனது. படத்துக்காகப் பிள்ளைக்கு இன்னொரு தடவை காது குத்த முடியுமா? அன்றைக்கே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தாள். ஆனாலும் கடை மேசையில் வைத்தபோது அழுகை வந்துவிட்டது. ஹாலித் பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "புதுசுக்கு ப்ளாஷே வேணாம்மா. இருட்டுலயும் பகல் மாதிரி எடுக்கும்" என்றார்.

பழையதற்கு ப்ளாஷ் இல்லாமல் ஆகாது. அதை நம்பி மணிமேகலை ஒரு வழக்கமும் வைத்திருந்தாள். மாப்பிள்ளைகளுக்கு எப்போதும் அவசரம். கெட்டி மேளம் என்றதும் குனிந்து கட்டிவிட்டு நிமிர்ந்துவிடுவார்கள்; படத்தில் உச்சந்தலைதான் விழும். அதனால் முன்கூட்டியே சொல்லிவைப்பாள். இன்றைக்கும் மாப்பிள்ளை ரஞ்சித்திடம் வாய் தன்பாட்டுக்கு அதையே சொல்லிவிட்டது.

"தாலியைக் கழுத்துகிட்ட கொண்டு போய் அப்படியே பிடிச்சுக்கிட்டு என்னைப் பாருங்க தம்பி. ப்ளாஷ் அடிச்சப்புறம்தான் முடிச்சு."

"சரிங்கக்கா" என்று தலையாட்டினான். மணப்பாறைப் பிள்ளை. நிச்சயதார்த்தத்தன்று மோதிரத்தை நீட்டிக்கொண்டு, ப்ளாஷ் அடிக்கிறவரை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்ற சமர்த்து.

மணப்பெண் சுபஸ்ரீயை நினைத்தால்தான் கவலையாக இருந்தது. அவளுக்கு இதற்கு முன் ஒரு நிச்சயம் ஆகி, பத்திரிகையும் அடித்த பிறகு அந்தப் பையன் வேண்டாமென்று போய்விட்டான். அவளுடைய அம்மா அமிர்தம் காலையில் மணிமேகலையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ கழுத்துல முடிச்சு விழறது படத்துல தெரியணும்மா. அதை மாட்டி வச்சுப் பார்த்தாதான் எனக்கு மனசு ஆறும்."

ஒரே ஒரு படம். அதையும் இந்தப் புதுக் கேமராவை நம்பி எடுக்க வேண்டும்.

கெட்டி மேளம் முழங்கியது. அட்சதை பறந்தது. ரஞ்சித் தாலியைச் சுபஸ்ரீயின் கழுத்தருகே கொண்டுபோய் நிறுத்தினான். மணிமேகலை அழுத்தினாள். சத்தமில்லாமல் படங்கள் வரிசையாக விழுந்தன, ஒவ்வொன்றும் பளிச்சென்று. அன்றைக்கு முதல் தடவையாக மனசு கொஞ்சம் அடங்கியது. எப்படி நிற்கிறான் பார் பிள்ளை, என்று நினைத்தாள்.

பிள்ளை நின்றுகொண்டே இருந்தான். அட்சதை போட்டு முடித்தவர்கள் வெறுங்கையோடு பார்த்தார்கள். தவில்காரர் வேர்த்துக்கொட்ட அடித்தார். ஐயர் என்னவோ சொன்னார். மேளத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முடிச்சுகளைப் போடப் பின்னால் குனிந்திருந்த ரஞ்சித்தின் அக்கா தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தாள். குனிந்த தலையோடு இருந்த சுபஸ்ரீயின் புருவம் சுருங்குவது கேமராவுக்குள் தெரிந்தது. பிறகு உதடு நடுங்கியது. பிறகு அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. இவனுமா, என்று அவள் நினைப்பது மணிமேகலைக்குக் காதில் கேட்டது மாதிரி இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அடப் பாவமே, இவன் ப்ளாஷுக்காக அல்லவா நிற்கிறான்!

"கட்டுங்க தம்பி!" என்று கத்தினாள். மேளம் அதை விழுங்கிவிட்டது. அவன் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் கேமராவையே பார்த்தான். மணிமேகலை அதைத் தொப்பென்று விட்டுவிட்டு, இரண்டு கையாலும் காற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டினாள். ரஞ்சித் திடுக்கிட்டுக் குனிந்து கட்டினான். அவன் அக்கா மற்ற இரண்டு முடிச்சையும் போட்டாள். அமிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

முதல் முடிச்சு விழுந்த நேரத்தில் கேமரா மணிமேகலையின் கழுத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் நின்ற வீடியோக்காரரின் வீடியோவிலும் மாப்பிள்ளையுடைய அக்காவின் முதுகுதான் இருக்கும். அவிழ்த்து மறுபடி கட்டுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? ஹாலித் பாய்க்கு போன் போட்டு என் கேமராவைக் கொடுங்கள் என்று கேட்கலாமா என்றிருந்தது. அமிர்தத்தின் கண்ணில் படாமல் தூணுக்குத் தூண் மாறி நின்றாள்.

பந்தி தொடங்கியதும் சுபஸ்ரீ தனியாக அவளைத் தேடி வந்தாள்.

"அக்கா, தாலி கட்டின படத்தைக் காட்டுங்க."

"முடிச்சு விழுந்த படம் இல்லை சுபா. நான் எடுக்கலை. தப்பு என்னோடதுதான்."

"அதைக் கேக்கலைக்கா." குரல் இறங்கியது. "அதுக்கு முன்னாடி கட்டாம நின்னாரே. யாரைப் பார்த்துக்கிட்டு நின்னாரு? அவர்கிட்டயே கேக்கப் பயமா இருக்கு."

மணிமேகலை கேமராவை அவள் கையிலேயே கொடுத்தாள். "நீயே பாரு. என்னைத்தான். ப்ளாஷ் அடிச்சப்புறம் கட்டுன்னு சொல்லிவச்சேன். இதுல நான் ப்ளாஷே போடலை."

சுபஸ்ரீ ஒவ்வொன்றாகத் தள்ளினாள். எல்லாப் படத்திலும் ரஞ்சித், ஸ்கூல் ஐடி கார்டுக்குப் போஸ் கொடுக்கிற பையன் மாதிரி, நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் நிறைந்தது. பிறகு ஒரு படத்தில் விரல் நின்றுவிட்டது. அதில் அவளுடைய முகம் தெளிவாக விழுந்திருந்தது.

"இது நானாக்கா?"

"அழிச்சிடறேன்."

"என் முகத்தை மட்டும் அழிக்க முடியுமா? அவர் முகம் இருக்கட்டும்."

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இருக்கீங்க."

சுபஸ்ரீ கேமராவை மணிமேகலையிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்படின்னா இருக்கட்டும். அம்மாகிட்ட மட்டும் காட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, ரஞ்சித்துக்குப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தாள்.