தெருமுனையிலேயே கேட்க வேண்டும்

படபடவென்று வெடித்து ஊரையே கூட்டும் அந்தப் பழைய பைக்கின் கார்பரேட்டரைக் கழற்றி, அடைத்திருந்த ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து, திருகைத் திருப்பித் திருப்பியே அதன் வாயை அடைத்துவிட்டார் மெக்கானிக். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட. வண்டியின் சொந்தக்காரர் வேலைக்குப் போயிருந்ததால், தானே ஓட்டிப் போய் அவர் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

உள்ளே கூத்தடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஜன்னல் வழியே பைக்கைப் பார்த்ததும் கப்சிப். அக்காக்காரி தம்பியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"அப்பா இல்லடி, மெக்கானிக்" என்றபடி வெளியே வந்த அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, பழையபடி வெடிக்கிற மாதிரியே பண்ணிடுங்க."

"ஏம்மா? இப்பத்தானே ஒழுங்கா ஓடுது!"

"அவரு தெருமுனைக்கு வரும்போதே எங்களுக்குக் கேக்கணும்ணே."

நன்றாக ஓடும் வண்டியைக் கெடுக்க அவர் திருப்புளியை எடுத்தது அன்றுதான் முதல்முறை.