ஒன்பது கோடு

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஒரு நிமிஷ சார். அது அவர் காதுக்கும் வந்திருக்கிறது. கோபம் வரவில்லை, உள்ளதைத்தானே சொல்கிறார்கள். பள்ளி பள்ளியாகப் போய், நடைபாதைக் கோடியில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். இங்கிலீஷில் அறுபது சொல் உள்ள ஒரு பத்தியைக் கொடுத்து ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்வார். பிறகு ஒரு படத்தைக் காட்டி நான்கு வரி எழுதச் சொல்வார். அவ்வளவுதான் உத்தியோகம்.

கேட்க என்னமோ சுலபம்தான். உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பிள்ளை வாசிக்கும்போது சிரிக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது. ஒரு 'உம்' கூடக் கொட்டக் கூடாது; கொட்டினால் துப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஒரு சொல்லில் பிள்ளை தடுக்கி நின்றால் மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டு "அடுத்தது" என்று சொல்ல வேண்டும். தன் கையிலுள்ள பிரதித் தாளில், தப்பாகப் படித்த சொல்லின் மேல் பென்சிலால் ஒரு சாய்கோடு. பதினோரு வருஷம் இதையே செய்து செய்து அவர் முகம் சுவர்க்கடிகாரம் மாதிரி ஆகிவிட்டது. பார்த்தால் மணி தெரியும், வேறொன்றும் தெரியாது.

அந்த முகத்தோடு குடித்தனம் நடத்த ஆள் வேண்டாமா? மனைவி ஒன்பது வருஷம் பொறுத்துப் பார்த்தாள். "உங்ககிட்ட பேசறதும் பரீட்சை எழுதறதும் ஒண்ணுதான்" என்று ஒருநாள் சொன்னாள். பிறகு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு மகளோடு போய்விட்டாள். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. மூன்று அறை வீட்டில் அவருடைய செருப்புச் சத்தம் அவருக்கே பெரிதாகக் கேட்கிறது.

மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. மகள் போனில் வருவாள். எட்டு வயது. புதிதாக வாங்கிய கதைப்புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் இங்கிலீஷில் வாசித்துக் காட்டுவாள். வாரம் முழுக்க அவர் அதற்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

அதையும் அவரே கெடுத்துக்கொண்டார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார். பக்கத்தில் செய்தித்தாள், அதன்மேல் பென்சில். அவள் வாசிக்க ஆரம்பித்ததும் கை தானாகப் பென்சிலை எடுத்தது. வாசித்து முடித்துவிட்டு, "கதை நல்லா இருந்துதாப்பா?" என்று கேட்டாள். அவருக்குக் கதை என்னவென்றே தெரியவில்லை. செய்தித்தாளின் ஓரத்தைப் பார்த்தார். எண்ணினார்.

"ஒம்பது தப்பு. உன் வயசுக்குப் பரவாயில்ல" என்றார்.

பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார், மனுஷன். அதற்கப்புறம் மகள் வாசிக்கவில்லை. சாப்பிட்டியா? சாப்பிட்டேன். ஸ்கூல் எப்படியிருக்கு? நல்லா இருக்கு. அம்மாகிட்ட தரேன். நாற்பது வினாடி. மற்ற அப்பாக்களுக்கு இந்த வினாடிக் கணக்கு தெரிந்திருக்காது. இவருக்குத் தெரியாமல் போகுமா?

இப்படியே இரண்டு மாதம் போன பிறகு, ஒரு வியாழக்கிழமை, ஒரு பள்ளியின் நடைபாதையில் கடைசிப் பிள்ளையாக ஒரு பெண் வந்து நின்றாள். வகுப்பு டீச்சரே கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

"இது வாயே திறக்காது சார். போன தடவையும் பூஜ்யம். இந்தத் தடவையும் பூஜ்யம்னா பின்தங்கின பிள்ளைங்க பிரிவுக்கு அனுப்பிடலாம். சும்மா போட்டு அனுப்புங்க" என்றார் டீச்சர், அந்தப் பெண்ணுக்குக் காதே இல்லாத மாதிரி.

டீச்சர் போனதும் அவர் பத்தி அச்சடித்த அட்டையை நீட்டினார். நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தினார். பெண் இரண்டு சொல் வாசித்தாள். மூன்றாவது தப்பு. கோடு போட்டார். வாசிப்பு நின்றது. மூன்று எண்ணினார். "அடுத்தது." இன்னொரு சொல் வந்தது, அதுவும் தப்பு. கோடு. மறுபடி நின்றது. நான்காவது கோட்டுக்கு அப்புறம் அவள் அட்டையை மேசையில் வைத்துவிட்டாள்.

"சார், அந்தச் சத்தம் வந்தா தப்புன்னு அர்த்தமா?"

"எந்தச் சத்தம்?"

அவள் மேசையை நகத்தால் ஒரு கீறு கீறிக் காட்டினாள். "இது. வாசிக்கும்போது வருதே."

பிள்ளை கேள்வி கேட்டால் "வாசி" என்று மட்டும்தான் சொல்லலாம். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். சாப்பாட்டு மேசை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. போன் இருந்ததும் அதே மேசை, பென்சில் கீறியதும் அதே மேசை. அப்படியானால் மகளுக்கும் கேட்டிருக்கும். ஒவ்வொரு கோடும் கேட்டிருக்கும். கேட்டுக்கொண்டேதான் அந்தக் குழந்தை பக்கத்தைக் கடைசிவரை வாசித்து முடித்திருக்கிறது.

பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இப்ப முதல்லேர்ந்து வாசி."

அவள் முதலில் அவர் கையையே பார்த்துப் பார்த்து வாசித்தாள். இரண்டு வரி தாண்டியதும் கையை மறந்துவிட்டாள். தப்பும் தவறுமாக, விரல் வைத்து, நின்று நின்று, ஆனால் விடாமல் வாசித்தாள். மழையில் வழி தெரியாமல் போன ஒரு கோழி, ஒரு வண்டிக்கு அடியில் ஒண்டிக்கொள்கிறது. நான்கு மாதமாக அந்த அட்டையைப் பையில் சுமக்கிறார். அதற்குள் ஒரு கோழி இருப்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

"கோழி வீட்டுக்குப் போச்சா சார்?"

அட்டையில் அதற்குமேல் இல்லை. "தெரியலம்மா" என்றார்.

நான்கு வரி எழுதுவதற்கு அந்தப் பென்சிலையே அவளிடம் கொடுத்தார். குடை பிடித்த ஆளின் படத்துக்கு அவள் ஆறு வரி எழுதினாள். அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்த்தார். அதை நிறுத்தவேயில்லை, அது பாட்டுக்குப் பதினைந்து நிமிடம் ஓடியிருந்தது. தாளில் பழைய நான்கு கோட்டைத் தவிர ஒன்றுமில்லை.

டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார். "பூஜ்யம்தானே?"

"இல்ல. முழுசா வாசிச்சா."

"அப்ப எவ்வளவு?"

"நான் எண்ணல."

பதினோரு வருஷமாகக் காலியாகவே விட்டுவந்த குறிப்புக் கட்டத்தில், தன் பேனாவால் எழுதினார்: மாணவி பத்தி முழுவதையும் வாசித்தாள். நேரமும் பிழையும் குறிக்கப்படவில்லை. தவறு என்னுடையது. வேறு பத்தியைக் கொண்டு வேறொருவர் சோதிக்கவும். அதுவரை வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டாம். கையெழுத்துப் போட்டார். மேலதிகாரி கூப்பிட்டு விளாசப்போகிறார் என்று தெரியும். விளாசட்டும். பென்சில் அந்தப் பெண்ணோடு போய்விட்டது.

ஞாயிறு ஐந்து மணிக்குப் போன் வந்தது. சாப்பிட்டியா, ஸ்கூல் எப்படி, எல்லாம் முடிந்தது.

"அம்மாகிட்ட தரேன்."

"இரு, குட்டி. அன்னிக்கு நீ வாசிச்சப்ப பென்சில் சத்தம் கேட்டுச்சா உனக்கு?"

பதில் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று. "அடுத்தது" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். நான்கு. ஐந்து. ஆறு.

"கேட்டுச்சு" என்றாள். "ஒம்பது. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

"தப்பு உன்னோடது இல்லடா. என்னோடது." "இன்னிக்கு ஒரு பக்கம் வாசிக்கிறியா? பென்சிலே இல்ல எங்கிட்ட."

"சும்மா சொல்றீங்க."

"சத்தியமா."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ரெண்டு கையையும் தட்டுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுத் தட்டினார். காலி வீட்டில் அது பத்துப் பேர் தட்டிய மாதிரி கேட்டது.

"நிறுத்தக் கூடாது. நான் வாசிச்சு முடிக்கிறவரைக்கும் தட்டணும்."

"தட்டினா நீ வாசிக்கிறது எனக்குக் கேக்காதேம்மா."

"பரவாயில்ல" என்றாள்.

அவர் தட்டினார். அவள் வாசித்தாள். சொல் எதுவும் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி குரல் மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக வந்தது. எங்கே தடுக்கினாள், எங்கே தாண்டினாள், ஒன்றும் தெரியவில்லை. போன் திரையில் நிமிடம் ஓடியது. ஒன்று தாண்டியது, மூன்று தாண்டியது. ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கத்துக்கும் போய்விட்டாள் போலிருந்தது. உள்ளங்கை இரண்டும் சிவந்து எரிந்தன. அவள் போதும் என்று சொல்லவில்லை; அவரும் நிறுத்தவில்லை.