மூன்று போனும் ருமேனியாவில்

லாம்பிக்கு எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. வானிலை அறிக்கையை நம்ப மாட்டார், தயிர் டப்பாவில் போட்ட தேதியை நம்ப மாட்டார், பாதிரியார் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால்கூட இவருக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று யோசிப்பார். மலையூரான கோர்ச்சாவிலிருந்து, தலைநகரை ஒட்டிய ரினாஸ் விமான நிலையத்துக்கு வேன் ஓட்டுகிறவர். அவர் புத்தி வேறு எப்படிப் போகும்? ஊர் இளவட்டத்தில் பாதி அந்த வேனில்தான் நாட்டைவிட்டுப் போயிற்று. ரெண்டே வாரம், அத்தை வீட்டுக்கு என்று சொல்லி ஏறும் பெண், கொளுத்துகிற வெயிலில் குளிர்கோட்டைத் தோளில் போட்டிருந்தால் போதும், இது திரும்பி வராத கேஸ் என்று கண்ணாடியில் பார்த்தே சொல்லிவிடுவார். தன் மகள் பிரிசில்டா மட்டும் அப்படி ஏறிவிடக் கூடாது. அவருக்கிருந்த பயம் அது ஒன்றுதான். அவள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜெர்மனிக்காரன் கொத்திக்கொண்டு போவதே நர்ஸ்களைத்தானே.

அந்த வசந்தத்தில் அரசாங்கம் டிக்டாக்கை மூடியது. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், ஒரு வருஷத்துக்குக் கிடையாது என்றார்கள். பிள்ளைகள் என்ன ஆனார்களோ, லாம்பியின் மனைவி வசிலிகா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். எங்கோ ஒருத்தி நேரலையில் மாவு தேய்ப்பதைப் பார்த்து, இவ்வளவு தடிமனாகத் தேய்த்தால் உள்ளே வேகுமா என்று எழுதிப் போடாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டில் சமையல் சப்பென்று ஆனது. பிரிசில்டாதான் பாவம் பார்த்து, அம்மா போனில் விபிஎன் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அதைத் தட்டினால் போன் வேறு ஏதோ நாட்டில் இருப்பதாகக் காட்டிக்கொள்ளும், தடை அதைத் தொடாது.

அம்மா பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டினாள், அவள் ரொட்டிக்கடையில் காட்டினாள். அவ்வளவுதான். நேற்றுவரை எழுத்தைப் பெரிதாக்கத் தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்த சனமெல்லாம், உன்னுடையது வேகமா என்னுடையது வேகமா என்று காபிக்கடையில் பேச ஆரம்பித்துவிட்டது. தடை என்ற ஒன்று வராமலிருந்தால் இந்தப் பெயரே அவர்கள் காதில் விழுந்திருக்காது, போங்கள்.

லாம்பி மட்டும் தொடவில்லை. ரொட்டி வரிசையில் முணுமுணுத்ததற்காகத் தன் மாமா ஒருவரை ரகசியப் போலீஸ் கொண்டுபோன பழைய கம்யூனிஸ்ட் காலத்தில் வளர்ந்தவர் அவர். ஓசியில் கொடுக்கிறவன் வீட்டுக்குள் எட்டிப்பார்க்காமலா கொடுப்பான் என்று கேட்டார். வசிலிகா சும்மா விடவில்லை.

"உன் போன்ல பார்க்க என்ன இருக்கு மனுஷா? டயர் விலையும், உன் தொப்பையும்."

ஒரு சாயங்காலம் பிரிசில்டா குளிக்கப் போயிருந்தாள். மேஜைமேல் கிடந்த அவள் போன் ஒளிர்ந்தது. வெள்ளைக்கோட்டுப் பெண் ஒருத்தி சிரித்தாள். பக்கத்தில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கொடி. கீழே ஜெர்மன் எழுத்து. லாம்பிக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் வேனில் ஏறும் பெண்கள் மடியில் வைத்திருக்கும் கோப்புகளில் அதே பெண்ணும் அதே கொடியும் இருப்பதை வருஷக்கணக்காகப் பார்த்தவர். ரெண்டு நாள் கழித்து எட்டிப்பார்த்தபோது ஏதோ ஜெர்மன் ஊரில் வாடகைக்கு அறை என்று படம் வந்தது. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. சாப்பிடும்போது கேட்டுவிட்டார்.

பிரிசில்டா சிரித்தாள்.

"ஐயோ அப்பா, அது விபிஎன் பண்ற வேலை. போன் ஜெர்மனியில இருக்கறதா நினைச்சுக்குது, அந்த ஊர் விளம்பரமா கொட்டுது. நான் நர்ஸுன்னும் அதுக்குத் தெரியும். வேற என்ன?"

வசிலிகா தலையை நிமிர்த்தாமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். லாம்பிக்கு அது கண்ணில் படவில்லை. அவ்வளவு நிம்மதி. மனுஷன் ஒரு கிளாஸ் ராக்கிச் சாராயம் கூடுதலாக ஊற்றிக்கொண்டார். தான் இத்தனை நாள் திட்டிய சாமான் மேல் திடீரென்று பாசம் வந்து, மறுநாள் வசிலிகாவிடம் தன் போனை நீட்டி, எனக்கும் அதைப் போடு என்றார். பெரிய நிபுணர் மாதிரி அவளும் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு போட்டுக் கொடுத்தாள்.

விமான நிலைய வாசலில் பயணிகளுக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் அவர் போனைத் திறந்து பார்த்தார். டயர் விளம்பரம் வந்தது. அவர் டயர்தானே தேடுவார். மொழி மட்டும் புரியாத மொழி. ஜெர்மன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கோர்ச்சாவில் பின்சீட்டில் ஏறிய பெண்ணொருத்தி எட்டிப்பார்த்து, இது ஜெர்மன் இல்லை மாமா, நான் ஒரு வருஷமாகப் படிக்கிறேனே என்றாள். லாம்பி வண்டியைக் கிளப்ப மறந்து உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் வசிலிகாவிடம் கேட்டார், இது எந்த நாட்டில் இருப்பதாகக் காட்டுகிறது என்று. ருமேனியா என்றாள்.

"பிரிசில்டாவோடது?"

"அதுவும்தான். ஓசியில ருமேனியா ஒண்ணுதான் குடுக்கறான். மூணு போனும்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டு, சுத்தமாக இருந்த அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள்.

ருமேனியாவில் இருக்கும் போனுக்கு ஜெர்மன் எதற்கு வரும்? அதை வைத்திருப்பவள் தேடினால் வரும். தயிர் டப்பாவைச் சந்தேகப்படத் தெரிந்த மனுஷனுக்கு, பெற்ற பெண்ணின் சிரிப்பைச் சந்தேகப்படத் தெரியவில்லை. பெண்டாட்டிக்கும் தெரிந்திருக்கிறது. கோபம்தான் முதலில் வந்தது. ஊர்ப் பெண்களையெல்லாம் கொண்டுபோய் விட்டவனுக்கு, தன் பெண் போவதை ஒரு விளம்பரம் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அப்புறம் கோபம் வடிந்து, நெஞ்சு வலிக்கிற மாதிரி ஒரு துக்கம் வந்தது.

காலையில் பிரிசில்டா டியூட்டிக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். லாம்பி பின்னால் போய் நின்றார்.

"எந்த மாசம்மா ஃப்ளைட்?"

அவள் குனிந்தபடியே இருந்தாள். செருப்பு வாரை இழுத்துக்கொண்டே, செப்டம்பர் என்றாள். சொன்னால் அப்பா உடைந்துபோவார் என்றுதான் சொல்லவில்லையாம். சொதீர் மாமா வேனில் இடம் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

சொதீர். அதே தடத்தில் ஓடும் போட்டி வேன்காரன். அதுதான் லாம்பியை உண்மையில் குத்தியது.

"அவன் மலை வளைவுல தூங்கறவன். வேண்டாம்னு சொல்லிடு. உன்னை நான் கொண்டு விடறேன்."

பிரிசில்டா அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவர் அழவில்லை. பயணிகள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்கு வேனில் ஆள் நெருக்கம். தடிமனான ஒருவர் முன்கதவைத் திறந்து ஏறப்போனார். லாம்பி குறுக்கே கை நீட்டி, அந்த சீட்டுக்கு ஆள் இருக்கிறது என்றார். ரினாஸ் வரைக்கும் அது காலியாகவே போயிற்று.