எங்கள் வீட்டுக் குரைப்பு

நாங்கள் குடிவந்த வீட்டில் ஒரு குரைப்பு இருந்தது. நாய் இல்லை. முன்பு குடியிருந்தவர்கள் ஒரு காலண்டரையும் கிழிந்த கொசுவலையையும் விட்டுப்போனதுபோல அதையும் விட்டுப்போயிருந்தார்கள். நடுத்தர அளவு. பால்காரர் மணியடித்தாலும் குக்கர் விசிலடித்தாலும் கூடத்திலிருந்து புறப்பட்டுச் சமையலறைவரை போய்த் திரும்பும். என் மனைவி வசுமதிக்கு அதைப் பிடித்திருந்தது. பகல் முழுவதும் தனியாகத் தைப்பவள். மெஷினை நிறுத்திவிட்டு அதோடு பேசுவாள்.

ஒரு திங்கட்கிழமை கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரர் லூர்துசாமி மாடியேறி வந்தார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன் சார். அடங்கலைன்னா ஜன்னலைத் திறந்து வெளிய விட்டுருங்க."

காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வீடு பொன்மலை ரயில்வே பணிமனைக்குப் பக்கத்தில் இருந்தது. பணிமனைச் சங்கு ஒலிக்கும்போது வெளியில் இருக்கும் சிறிய சத்தங்களை விழுங்கிவிடும். எங்கள் குரைப்பு அங்கே ஒரு நாள் தாங்காது. வசுமதி அன்றே ஜன்னல் கொக்கிகளைத் துணிநாடாவால் இறுக்கிக் கட்டினாள்.

நான் தணிகாசலத்தை அழைத்து வந்தேன். மோப்ப நாய்களைப் பழக்கி ஓய்வு பெற்றவர். வசுமதி பர்வீனை அழைத்து வந்தாள். மைதானத்தில் நாய்களுக்கு வகுப்பு எடுப்பவர். அவர் பிரம்புடன் வந்தார், இவர் பிஸ்கட்டுடன். எங்கள் வீட்டில் ஒரே சோபாதான்.

"நாப்பது நாயைப் பழக்கியிருக்கேன்மா. ஒண்ணுகூட என் முன்னால வாயைத் திறந்ததில்ல" என்றார் தணிகாசலம்.

"உங்களுக்குப் பின்னால?"

"பின்னால நான் எதுக்குப் பாக்கணும்? சரி, இதுக்கு பிஸ்கட்டை எங்க வைப்பீங்க? வாயைக் காட்டுங்க, பாப்போம்."

"நீங்க அதோட முதுகைக் காட்டுங்க சார், அடிக்கிறதுக்கு."

குரைப்பு இருவருக்கும் நடுவே ஒருமுறை எழுந்து அடங்கியது. மூத்தவர் என்பதால் முதல் இரண்டு நாட்களைத் தணிகாசலத்துக்குக் கொடுத்தோம்.

அவர் வேலையில் சுத்தமானவர். "தப்பு நடக்குற அதே நொடியில அடி விழணும். ஒரு நொடி தள்ளிப்போனா அது அடி இல்ல, வன்மம்" என்றார். குரைப்பு எழுந்த இடத்தில், அது எழுந்த கணத்தில், பிரம்பு விழுந்தது. பீரோவில் நான்கு தழும்புகள். புதன்கிழமை காலையில் குரைப்பு பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமலைப்போல வந்தது.

"பாதி அடங்கிருச்சு" என்றார்.

"முழுசா அடங்கினா?" என்று கேட்டாள் வசுமதி.

"அடங்கினதுதான். அப்புறம் தொந்தரவு இல்ல."

"நாய் அடங்கினா நாய் மிஞ்சும் சார். இது அடங்கினா என்ன மிஞ்சும்?"

தணிகாசலம் பிரம்பைச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டுக் காபி கேட்டார்.

பர்வீன் அன்றும் மறுநாளும் ஒன்றும் செய்யவில்லை. கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "அதுக்கு என்ன வேணும்னு தெரியாம எதைக் கொடுக்குறது?" என்றார். வியாழன் மாலை அவருக்குத் தெரிந்துவிட்டது. சமையலறையில் எங்கள் கல்யாணச் சீர் அண்டா ஒன்று இருந்தது. அதைக் கடக்கும்போது மட்டும் குரைப்பு, தேவையே இல்லாமல், இரண்டாவது முறை எழுந்தது. அண்டாவுக்குள் அதன் குரல் ஒரு பெரிய நாயின் குரலாக இருந்தது.

அண்டாவை மூடி வைத்தோம். விசிலடித்தும் அது பொறுத்திருந்தால் மூடியைத் திறப்பது, உள்ளே போய் ஒருமுறை குரைத்துக்கொள்ளவிடுவது. இதுதான் பாடம். ஆனால் பர்வீனின் கை ஒவ்வொரு முறையும் சற்றுத் தாமதித்தது. குரைப்புக்கு எதற்குப் பரிசு என்று விளங்கவில்லை. வெள்ளி மதியம் தணிகாசலம் எழுந்து வந்து மூடியை வாங்கிக்கொண்டார்.

"தள்ளுங்கம்மா. அந்த நொடி எனக்குத் தெரியும்."

அவர் கை தப்பவே இல்லை. சாயங்காலத்துக்குள் குரைப்பு ஒரு விசில் பொறுத்தது. சனிக்கிழமை நான்கு விசிலும் பால்காரரும். அன்று அடுப்பில் வைத்த பருப்பு கூழாகிவிட்டது. இந்தப் பழக்கும் முறை யாருடையது என்று இருவரும் அதைச் சாப்பிட்டபடியே சண்டை போட்டார்கள்.

ஞாயிறு காலை லூர்துசாமி வந்து உட்கார்ந்தார். பால்காரர் மணியடித்தார். குக்கர் விசிலடித்தது. தூரத்தில் ஏதோ கோயில் வெடி. வசுமதி ஜன்னலருகில் நாடா முடிச்சைப் பிடித்தபடி நின்றாள். வீடு அமைதியாக இருந்தது.

"வெளிய விட்டுட்டீங்களா?" என்றார் லூர்துசாமி. அவர் முகம் வாடியிருந்தது.

தணிகாசலம் மூடியைத் திறந்தார். ஒரே குரைப்பு. முழுதாக, உருண்டையாக, எந்த இருமலும் இல்லாமல். கீழ்வீட்டில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

"இதான் சார் எனக்குத் தொல்லை" என்றார் லூர்துசாமி. "எங்க வீட்டுல ஒரு வாலாட்டல் இருக்கு. உங்களது சத்தம் போட்டா போதும், எல்லாத்தையும் தட்டி விட்டுரும். வெளிய சொல்லச் சங்கடமா இருந்துச்சு."

"எந்தப் பக்கம் அதிகமா ஆடுது?" என்று பர்வீன் நோட்டைப் பிரித்தார்.

"வலப்பக்கம். டம்ளர் எல்லாம் அந்தப் பக்கந்தான் விழுது."

"வாலு வலப்பக்கம் அதிகமா ஆடினா அது சந்தோஷம் சார். மேல கூட்டிட்டு வாங்க."

அவர் இறங்கிப் போனார். வசுமதி நாடாவை விட்டுவிட்டு, மேஜையின் வலப்பக்கத்தில் இருந்த டம்ளர்களை எடுத்து அலமாரியில் வைத்தாள். மாடிப்படியில் காலடி கேட்டது. கடைசித் திருப்பத்தில் லூர்துசாமி சுவரோடு ஒட்டி நின்று அதற்கு முதலில் வழிவிட்டார்.