பேக் பட்டன் இல்லாத கதை

1.

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோட்டு டீக்கடை ஒன்றில் கிடைத்தது. என் போனின் திரை உடைந்து, பக்கத்துக் கடையில் மாற்றக் கொடுத்திருந்தேன். "ஒரு மணி நேரம் ஆவும் சார்" என்றார்கள். கையில் போன் இல்லாத ஒரு மணி நேரத்தில் மனிதன் என்ன செய்வான்? பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்பான். எழுத்தாளனாக இருந்தால் அதற்கு ‘அவதானிப்பு’ என்று பெயர் வைத்துக்கொள்வான்.

(உடைந்தது ஐபோனா ஆண்ட்ராய்டா என்று கேட்காதீர்கள். சொன்னால் உங்களில் பாதிப் பேர் இங்கேயே எழுந்து போய்விடுவீர்கள். மொத்தமே நாலு பேர்தான் படிக்கிறீர்கள்.)

பெஞ்சில் அறுபதை ஒட்டிய இரண்டு பேர். ஒருவர் தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி சொன்னார்:

"உன் போன்ல ஒரு பேக் பட்டன் கெடையாது வேலு. உள்ள போனா போனதுதான். வந்த வழி தெரியாத போனுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பவுசு?"

காக்கிச் சட்டைக்காரர் டீயை உறிஞ்சிவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்:

"நீ பின்னாடியே போய்க்கினு இரு பாய். நாங்கல்லாம் முன்னாடி போற ஆளுங்க."

கேட்டது அவ்வளவுதான். மீதியை நான் கட்டினேன். கட்டியதில் எங்கே சிமெண்ட் போதவில்லை என்பதை அங்கங்கே நானே சொல்லிவிடுகிறேன்.

2.

தொப்பிக்காரருக்கு ஷரஃபுதீன் என்று பெயர் வைத்தேன். இனி அவரை அறிமுகப்படுத்த வேண்டும்.

முயற்சி ஒன்று: "ஷரஃபுதீனின் தனிமை ஒரு பாலைவனத்தைப் போல—"

அடித்துவிட்டேன். சாயங்காலம் நிற்க இடம் கிடைக்காத திருவல்லிக்கேணியில் பாலைவனத்துக்கு எங்கே போவது?

முயற்சி இரண்டு: "எட்டு மாதமாக அந்த வீட்டில் அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டு நாளைக்கு வந்தது."

இது தேறும். பால் பாக்கெட்டை வைத்து வாசகரை உருக்குவது மலிவான வேலைதான் என்றாலும் தேறும். இருக்கட்டும்.

ஷரஃபுதீன் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவர். வாடிக்கையாளரிடம் பேசுவதெல்லாம் முன்னால் நிற்பவர்கள். பின்னறையில் இயந்திரம் மட்டும்தான் பேசும், அதுவும் ஒரே எழுத்தை. மனைவி அஸ்மத்துன்னிசா, மகள் மெஹக்கின் பிரசவத்துக்காகக் கோலாலம்பூர் போயிருந்தார். மூன்று மாதம் என்று போனது எட்டு மாதமாகிவிட்டது. பேத்தி சாய்மாவைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் வேண்டும். ஷரஃபுதீனைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆள் வேண்டாம் என்று சொன்னவர் ஷரஃபுதீன்தான்.

ஆக, சாயங்கால அஸர் தொழுகை முடித்துவிட்டு வேலுவோடு போனைப் பற்றிச் சண்டை போடும் அந்த அரை மணி நேரம்தான் அவர் வாயைத் திறக்கும் நேரம். இதை உவமையில்லாமல் சொல்லிவிட்டேன் என்பதைக் கவனியுங்கள்.

3.

இப்போது வேலுவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்.

முதல் வரைவில் ஐபோன்காரரை அடையாறில் வசிக்கும் மென்பொருள் மனிதராக எழுதியிருந்தேன். நீங்கள் நம்புவீர்கள் என்று நினைத்தேன். கதை பாதியில் படுத்துவிட்டது. அடையாறு மனிதருக்குப் போனைப் பற்றிச் சண்டை போட எந்த அவசியமும் இல்லை. பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்வார். நான் பெஞ்சில் பார்த்தது ஆட்டோ ஓட்டுநரை. அவர் கையில் ஐபோன் இருந்ததை நம்ப மறுத்தது நான்தானே தவிர வாசகர் இல்லை. வெட்கப்பட்டுத் திருத்தினேன்.

வேலுவின் குடும்பம் கூவம் ஓரத்தில் இருந்து, ஊருக்கு வெளியே இருக்கும் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டது. சவாரிக்கு அங்கேயே ஸ்டாண்டு உண்டு. ஆனாலும் தினமும் அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு இந்த டீக்கு வருகிறார். ‘இங்கதான் டீ நல்லா கீது’ என்பது அவர் சொல்லும் காரணம். (அந்த டீயை நான் குடித்திருக்கிறேன். காரணம் அதுவல்ல.)

அவருடைய மகள் தமிழ்நிலா, ஶ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் பூட்டும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கேமரா பொருத்தும் வரிசை. ஹாஸ்டல் வாசம். கம்பெனிக்குள் நுழையும்போது போனை வெளியே வைத்துவிட வேண்டும் என்பதால் அப்பனும் மகளும் பேசுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அவள் வாங்கிக் கொடுத்த பழைய ஐபோன்தான் வேலுவின் கையில். ஆகவே யாராவது ஐபோனைக் குறை சொன்னால் அவர் காதில் என்ன விழும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

"எந்த ஐபோன வேணா எட்து பின்னால பாரு. எம்பொண்ணு கை பட்டுக் கீதா இல்லியான்னு உன்னால சொல்ல முடியுமா?"

"கை பட்டா மட்டும்? பொண்ணு நல்லா பூட்டுனா. டிசைன் பண்ணவன் பேக் பட்டன மறந்துட்டானே!"

4.

இந்தச் சண்டையில் ஒரு விதி உண்டு. யாரும் ஜெயிக்கக் கூடாது.

விதி ஒரே ஒரு முறை மீறப்பட்டது. பேட்டரியைப் பற்றிச் சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது ஷரஃபுதீன் வாய் தவறிக் கேட்டுவிட்டார்:

"சரி நைனா, உன் பொண்ணு கைல இருக்கிறது இன்னா போன்?"

தமிழ்நிலாவிடம் இருந்தது ஆண்ட்ராய்டு. நாள் முழுக்கப் பூட்டுவது ஒன்று, வாங்க முடிந்தது வேறொன்று. வேலு தம்ளரைப் பாதி டீயோடு வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஷரஃபுதீன் பெஞ்சின் ஓரத்தில், இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தே டீ குடித்தார். மூன்றாம் நாளும் அப்படித்தான்.

நான்காம் நாள் வேலு வந்தார். மன்னிப்பு, விளக்கம் எதுவும் கிடையாது. "இன்னா பாய், உன் ஓட்ட போன் இன்னும் உசுரோட கீதா?" என்றார். ஷரஃபுதீனுக்குக் கண் கலங்கியது என்று எழுதலாம். எழுதினேன். பிறகு ‘டீயில் ஆவி அதிகம்’ என்று மாற்றினேன். பிறகு இரண்டையும் எடுத்துவிட்டேன்.

5.

ஷரஃபுதீனுடைய ஆண்ட்ராய்டின் பேட்டரி உப்பிக்கொண்டு திரையை முதுகிலிருந்து பிதுக்கித் தள்ளியது. ஆறு வருடப் போன். அதன் ஆயுள் அவ்வளவுதான், யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஊருக்கு வந்த உறவுக்காரர் கையில் மெஹக் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினாள். உள்ளே ஐபோன். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ‘அத்தா, இனிமே உங்க முகம் ஒழுங்காத் தெரியணும்.’

ஷரஃபுதீன் சீட்டைப் பத்திரப்படுத்தினார். போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பொட்டலத்துக்குள்ளேயே வைத்தார். இதோடு டீக்கடைக்குப் போனால் வேலு ஜெயித்துவிடுவார். வேலு ஜெயித்தால் நாளைக்கு எதைப் பற்றிப் பேசுவது? ‘டீ எப்படி இருக்கு’ என்றா?

அன்றே பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்குப் போனார். கடைப் பெண்ணின் பெயர் தாரணி.

"இதுக்கு ஒரு கவர் வேணும்மா. ஆண்ட்ராய்டு மாதிரி தெரியணும்."

தாரணி அவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா பாய் உல்டாவா கேக்குறீங்க? ஆண்ட்ராய்ட ஐபோன் மாதிரி காட்டத்தான் அல்லாரும் கவர் கேப்பாங்க. அது ஆயிரம் கீது. இது எந்த ஊர்லயும் செய்ய மாட்டாங்க."

"பழசா, அசிங்கமா எதுனா?"

"அசிங்கம்னா கீது."

முன்பக்கத்தையும் மூடும், டைரி போன்ற பழுப்பு உறை ஒன்று கிடைத்தது. போனைச் சைலண்டில் போட்டார். ஒலிதான் அடங்கியது. அதிர்வு அடங்கவில்லை, எங்கே அடக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்க வேலுவைத் தவிர ஆளும் இல்லை.

6.

இந்தக் கதையில் எனக்கு வலிக்கிற இடம் இது. சாய்மா விழித்திருந்து விளையாடும் நேரமும் டீக்கடை நேரமும் ஒன்று. முன்பெல்லாம் அஸ்மத்துன்னிசாவின் வீடியோ கால் இந்த பெஞ்சில்தான் வரும். வேலுவும் எட்டிப் பார்ப்பார். "பேத்தியா கொசு வலையா பாய்? உன் போன்ல எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது" என்பார்.

இப்போது குழந்தையின் இமையைக்கூடத் தெளிவாகக் காட்டக்கூடிய போன் பையில் இருக்கிறது, எடுக்க முடியாது. கடையில் போன் எடுக்க விடமாட்டார்கள். இரவு வீட்டிலிருந்து கூப்பிட்டால், அங்கே இரண்டரை மணி நேரம் முந்தியிருப்பதால், குழந்தை தூங்கியிருக்கும். மூன்று வாரமாக அவர் பேத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னா பாய், இப்பல்லாம் வூட்ல இருந்து போனே வர்றதில்ல?"

"கொழந்த தூங்குற நேரம் மாறிடுச்சி வேலு."

வேலு தம்ளரைப் பெஞ்சின் மேல் வைத்தார். பெஞ்சு ஒரே பலகையால் ஆனது. அதில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அது தினமும் நாலே முக்காலுக்கு அதிர்ந்தது.

போதாததற்கு, விவாதத்தின் சூட்டில் ஷரஃபுதீன் உறையைத் தன் பக்கமாகத் திறந்து எதையோ தேடுவார். திரும்பி வரத் தெரியாது. ஆறு வருடப் பழக்கத்தில் கட்டை விரல் திரையின் கீழ் வலது ஓரத்தைக் குத்தும். அங்கே ஒன்றும் இருக்காது. மறுபடி குத்தும். குத்திக்கொண்டே, "பேக் பட்டன் இல்லாத போன் ஒரு போனா?" என்று வேலுவிடம் கேட்பார்.

7.

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருந்தேன்.

முதலாவது: வேலு ஒரு நாள் ஐபோனை விட்டுவிட்டு ஆண்ட்ராய்டு வாங்கிக்கொண்டு வருகிறார். இருவரும் ஒரே நேரத்தில் போனை வெளியே எடுக்கிறார்கள். — எழுதி முடித்ததும் எனக்கே கைதட்டத் தோன்றியது. கைதட்டத் தோன்றினால் சந்தேகப்பட வேண்டும். தமிழ்நிலா கொடுத்த போனை வேலு எதற்காகவும் விடமாட்டார். கிழித்தேன்.

இரண்டாவது: மெஹக் அத்தாவைக் கோலாலம்பூருக்கே அழைத்துக்கொள்கிறாள். பெஞ்சில் வேலு மட்டும்— இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அப்படியே நிற்கட்டும்.

மூன்றாவதில் ஷரஃபுதீன் உண்மையைச் சொல்லிவிடுகிறார். வேலு கட்டிப்பிடிக்கிறார். (கிழித்ததில் இது இரண்டாவது காகிதம். போனில் தட்டச்சு செய்துவிட்டுக் காகிதம் கிழிப்பதாகச் சொல்வது எங்கள் தொழில் மரபு.)

பிறகு, பெஞ்சில் நானே பார்த்து, பார்த்ததை மறைத்து வைத்திருந்த ஒன்றை எடுத்தேன். ஆரம்பத்தில் ‘கேட்டது அவ்வளவுதான்’ என்றேனே, அது பொய்யல்ல, இது பார்த்தது. அதற்குள் பேச்சை மட்டும் நான் ஊற்றியிருக்கிறேன்.

8.

நாலே முக்கால். பெஞ்சு அதிர்ந்தது. ஷரஃபுதீன் பையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அதிர்வு நின்றது. மறுபடி ஆரம்பித்தது.

வேலு தம்ளரோடு எழுந்தார். நாலு அடி நடந்து, சாலையைப் பார்த்தபடி, பெஞ்சுக்கு முழு முதுகையும் காட்டி நின்றார்.

"பாய், உன் ஓட்ட போன் துடிக்குது பாரு. எட்து பேசு. நான் வண்டியப் பாத்துக்கினு நிக்கிறேன். போலீஸ்காரன் வந்துருவான்."

அந்த ஆட்டோ வருடக்கணக்கில் அதே இடத்தில்தான் நிற்கிறது. எந்தப் போலீஸ்காரரும் வந்ததில்லை.

ஷரஃபுதீன் அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உறையைத் திறந்தார்.

"யா அல்லா! இவ்ளோ தெளிவாத் தெரியறீங்களே!" அஸ்மத்துன்னிசாவின் குரல் டீக்கடை முழுக்கக் கேட்டது. "மெஹக், இங்க வந்து பாரு, ஐபோன்ல அத்தா முகத்த! ஏங்க, இளைச்சிட்டீங்களா? இந்தாங்க, சாய்மா பாருங்க, சாய்மா..."

ஷரஃபுதீன் சத்தத்தை அடக்க அவசரமாக வெளியே வரப் பார்த்தார். கட்டை விரல் கீழ் வலது ஓரத்தைக் குத்தியது. அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி குத்தினார். திரையில் ஒரு குழந்தை, இரண்டு பல்லோடு, அந்த விரலைப் பிடிக்கக் கையை நீட்டியது. விரல் நின்றுவிட்டது.

"வேலு..." என்றார் ஷரஃபுதீன்.

"ஒரே ஆரன் சத்தம் பாய்" என்றார் வேலு, திரும்பாமல். "ஒரு எழவும் காதுல வுழல."

சிக்னல் சிவப்பில் இருந்தது. சாலையில் ஒரு வண்டியும் ஹாரன் அடிக்கவில்லை.

9.

பக்கத்துக் கடையிலிருந்து, "சார், உங்க போன் ரெடி!" என்று கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. போனைக் கையில் வாங்கினால் அதில் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். என் போன் ஐபோனா ஆண்ட்ராய்டா என்று சண்டை போட எனக்கு ஆளில்லை. உங்களிடம் சொல்லாமல் இழுத்தடித்ததுகூட, கேட்பீர்களோ என்ற நப்பாசையில்தான்.

இனி மிச்சம் இரண்டே சொல். ‘வேலு திரும்பினார்.’ எழுதினால் யாரோ ஒருவர் ஜெயித்துவிடுவார், கதை முடிந்துவிடும். நான் எழுதப் போவதில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களைத் தடுக்க என்னிடம் எந்த பட்டனும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். குழந்தை இன்னும் விழித்திருக்கிறது. அது தூங்கும்வரை பொறுங்கள்.